துருவப் பாலைவன ஏரிகளின் அடி வண்டலில் இருக்கும் உப்பு எங்கிருந்து வந்தது?

கேட்கப்பட்டது இதுதான்: அண்டார்க்டிகாவின் மெக்மர்டோ உலர் பள்ளத்தாக்குகளில் உள்ள ஏரி வண்டல்களில் ஜிப்சம் (நீரேறிய கால்சியம் சல்ஃபேட்), மிராபிலைட் (நீரேறிய சோடியம் சல்ஃபேட்), சோடியம் குளோரைடு, கால்சியம் குளோரைடு, நைட்ரேட் என்று பலவகை உப்புகள் கிடைக்கின்றன. இவை பழைய கடல் வற்றி எஞ்சியவையா, பாறை கரைந்து வந்தவையா, காற்றில் வந்து விழுந்தவையா? வண்டல் மாதிரியை வைத்து அதை எப்படிக் கண்டுபிடிப்பது?

மூன்றும் உண்டு. ஆனால் கேள்வியை இப்படி வைத்துக்கொண்டால் பாதி வழியில் சிக்கிக்கொள்வோம். இங்கே இரண்டு கேள்விகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கிடக்கின்றன. அயனி எங்கிருந்து வந்தது என்பது ஒன்று. அந்த அயனி ஏன் இந்தக் கனிமமாக, இந்த இடத்தில் படிந்தது என்பது இன்னொன்று. முதலாவதற்குப் பதில் கடலிலோ பாறையிலோ வளிமண்டலத்திலோ இருக்கும். இரண்டாவதற்குப் பதில் பெரும்பாலும் குளிரில் இருக்கிறது. வண்டலில் மிராபிலைட் கிடைத்தவுடன் 'இது கடல் உப்பு' என்றோ, கால்சியம் குளோரைடு கிடைத்தவுடன் 'இது பாறையிலிருந்து வந்தது' என்றோ எழுதிவிடுவது இந்தத் துறையில் அடிக்கடி நடக்கும் பிழை. கனிமத்தின் பெயர் அதன் பிறப்பிடத்தைச் சொல்லாது. அது கடந்துவந்த வெப்பநிலையையும் நீரின் அளவையும் மட்டுமே சொல்லும்.

முதலில் அயனிகளின் வரவு. இந்தப் பள்ளத்தாக்குகளின் தரையில் ஆண்டுக்கு நீராகக் கணக்கிட்டால் 3 முதல் 50 மில்லிமீட்டர் வரைதான் பனி விழுகிறது. ஆண்டு சராசரி வெப்பநிலை, இடத்தைப் பொறுத்து, மைனஸ் 15 முதல் மைனஸ் 30 டிகிரி செல்சியஸ். (இனி வரும் டிகிரியெல்லாம் செல்சியஸ்.) விழும் பனியில் பெரும்பகுதி உருகாமலே ஆவியாகப் பதங்கமாகிவிடுகிறது. எனவே காற்று கொண்டுவந்து போட்ட உப்பைக் கழுவிக் கடலுக்குக் கொண்டுபோக ஆறு கிடையாது. ரைட் பள்ளத்தாக்கின் ஓனிக்ஸ் ஆறுகூடக் கடலை நோக்கி ஓடாமல், உள்நாட்டுப் பக்கமாக ஏறத்தாழ 30 கிலோமீட்டர் ஓடி வாண்டா ஏரியில் முடிகிறது. வெளியே போக வழியில்லாத இடத்தில் மிகச் சிறிய வரவும் லட்சக்கணக்கான ஆண்டுகளில் பெரிய இருப்பாகிவிடும். வேறு நிலப்பகுதிகளில் கணக்கில் சேராத மூலங்கள் இங்கே முக்கியமானவை ஆவது இதனால்தான்.

கடலிலிருந்து வருவது இரண்டு வழியில். நேரடியாக: முன்பு கடல் புகுந்த இடத்தில் சிக்கிக்கொண்ட நீர். காற்று வழியாக: அலைத்துளியும், கடல்பனியின் மேல்புறத்திலிருந்து கிளம்பும் உப்புத்தூளும். இரண்டாவது வகையில் ஒரு நுணுக்கம் உண்டு. கடல்பனியின் மேல் உள்ள உப்புநீர் குளிரும்போது மிராபிலைட் அங்கேயே படிந்துவிடுவதால், பிறகு காற்றில் கிளம்பும் துகளில் சல்ஃபேட் குறைவாக இருக்கும். கடல்நீரின் சல்ஃபேட்–குளோரைடு விகிதத்தை (எடையில் 0.14) அப்படியே கழித்தால், கடற்கரை மாதிரிகளில் 'கடல் சாராத சல்ஃபேட்' எதிர்மறை எண்ணாக வருவது இதனால். அதைக் கருவியின் பிழை என்று தூக்கிப் போட்டுவிடக்கூடாது.

சல்ஃபேட்டுக்கு இன்னொரு பெரிய மூலம், தென்கடலின் நுண்பாசிகள் வெளியிடும் டைமெத்தில் சல்ஃபைடு. அது காற்றில் ஆக்சிஜனேற்றம் அடைந்து கந்தக அமிலமாகிப் பனியோடு இறங்குகிறது. நைட்ரேட் முழுக்க முழுக்க வளிமண்டலத்தின் கொடை என்றே சொல்லலாம். அதில் ஒரு பங்கு அடுக்குமண்டலத்திலிருந்து இறங்குவது. நைட்ரேட்டைத் தின்று தீர்க்கும் செடியும் நுண்ணுயிரும் அடர்ந்திருக்கும் மண்ணில் அது நிலைக்காது. உயரமான, வறண்ட அண்டார்க்டிக் மண்ணில் சோடியம் நைட்ரேட்டாகவும், சல்ஃபேட்டும் நைட்ரேட்டும் சேர்ந்த டாராப்ஸ்கைட்டாகவும் நிற்கிறது. 2010இல் இதே பள்ளத்தாக்கு மண்ணில் பெர்குளோரேட்டும் (குளோரினும் ஆக்சிஜனும் சேர்ந்த அயனி) இருப்பது வெளியானது. 2008இல் ஃபீனிக்ஸ் விண்கலம் செவ்வாயில் கண்ட அதே அயனி.

பாறையின் பங்கு: ஃபெரார் டாலரைட் என்னும் கருநிற எரிபாறை, அடித்தளக் கிரானைட்டு, சலவைக்கல் ஆகியவற்றிலிருந்து கால்சியம், மெக்னீசியம், சோடியம், பைகார்பனேட், சிலிக்கா. ஓடை கோடையில் சில வாரங்களே ஓடினாலும், அதன் படுகையோர ஈரத்தில் சிதைவு எதிர்பார்ப்பதைவிட வேகமாக நடக்கிறது. ஆனால் குளோரைடைப் பாறை தராது. குளோரைடு மிகுந்த வண்டலில் குளோரைடின் மூலம் கிட்டத்தட்ட எப்போதும் கடல்தான். அது எந்த வழியில் வந்தது என்பது மட்டும்தான் விவாதம்.

இனி குளிரின் வேலை. கடல்நீரை வெயிலில் வற்றவைத்தால் முதலில் கார்பனேட், அடுத்து ஜிப்சம், பிறகு சாதாரண உப்பு, கடைசியில் மெக்னீசியம்–பொட்டாசியம் உப்புகள் படியும். இதே கடல்நீரை உறையவைத்தால் வரிசை மாறிவிடுகிறது. ஏறத்தாழ மைனஸ் 1.9 டிகிரியில் பனிக்கட்டி பிரியத் தொடங்கும். மைனஸ் 2ஐ ஒட்டி, ஆறு நீர் மூலக்கூறுகள் கொண்ட கால்சியம் கார்பனேட்டான இகைட் வரும். மைனஸ் 6 சுற்றி மிராபிலைட், அதாவது பத்து நீர் மூலக்கூறுகள் கொண்ட சோடியம் சல்ஃபேட். மைனஸ் 22.9இல் ஹைட்ரோஹேலைட், அதாவது இரண்டு நீர் மூலக்கூறுகள் ஏறிய சோடியம் குளோரைடு. பொட்டாசியம் குளோரைடும் மெக்னீசியம் குளோரைடும் வருவது மைனஸ் 33க்கும் கீழே.

மிராபிலைட் முன்னால் வந்து நிற்பதற்குக் காரணம் அதன் கரைதிறன். 32 டிகிரியில் 100 கிராம் நீரில் 50 கிராம் அளவுக்குக் கரையும் சோடியம் சல்ஃபேட், பூஜ்ஜியத்தில் 5 கிராம்கூடக் கரையாது. ஜிப்சத்தின் கரைதிறன் இப்படிச் சரிவதில்லை. ஆகவே வெப்பத்தில் சல்ஃபேட்டைக் கால்சியம் எடுத்துக்கொள்கிறது, குளிரில் சோடியம் எடுத்துக்கொள்கிறது. துருவ வண்டல்களின் வேதியியலை ஒரே வரியில் சொல்லச் சொன்னால் இந்த வரியைத்தான் சொல்ல வேண்டும்.

இதன் விளைவு அடுத்த கட்டத்தில்தான் தெரியும். கடல்நீரில் கிலோவுக்குச் சல்ஃபேட் 28 மில்லிமோல், கால்சியம் 10 மில்லிமோல். சல்ஃபேட் மிகுதி. படிந்த மிராபிலைட் உப்புநீரோடு தொடர்பிலேயே இருந்தால், மேலும் குளிரும்போது அது மெல்லக் கரைந்து தன் சல்ஃபேட்டைக் கொடுக்கும். அதைப் பிடித்துக்கொண்டு கால்சியம் ஜிப்சமாக இறங்கிவிடும். கடைசியில் எஞ்சுவது மெக்னீசியம் குளோரைடு மிகுந்த நீர். அது மைனஸ் 36ஐ ஒட்டி முழுதாக உறைந்துவிடும். மாறாக, மிராபிலைட் படிந்தவுடன் வண்டலில் புதைந்துபோனாலோ, உப்புநீர் அதை விட்டு வேறு இடத்துக்கு ஓடிவிட்டாலோ, கால்சியத்துக்குச் சல்ஃபேட் கிடைக்காது. அது நீரிலேயே தங்கி, நீர் மைனஸ் 50க்குக் கீழும் திரவமாக நிற்கும். உறைதல் ஆய்வில் வெவ்வேறு குழுக்களுக்கு வெவ்வேறு முடிவு கிடைத்ததற்கு இதுவே காரணம். ஒரு பக்கம் நீரும் படிகமும் சமநிலைக்கு வரும்வரை காத்திருந்தார்கள், மறுபக்கம் காத்திருக்கவில்லை. இயற்கையிலும் இரண்டும் நடக்கின்றன. வண்டலில் மிராபிலைட் படுகை தனியாக, ஓரத்தில் ஜிப்சம் படியாமல் கிடந்தால், அங்கிருந்து உப்புநீர் பிரிந்து போயிருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம்.

கால்சியம் குளோரைடு என்றாலே டான் ஜுவான் குட்டையிடம் போயாக வேண்டும். 1961இல் கண்டறியப்பட்டு, ஹெலிகாப்டர் விமானிகள் இருவரின் பெயரால் அழைக்கப்படும் இந்தக் குட்டை ரைட் பள்ளத்தாக்கின் தெற்குக் கிளையில் இருக்கிறது. கணுக்கால் அளவு ஆழம். எடையில் ஏறத்தாழ 40% உப்பு, அதில் மிகப் பெரும்பகுதி கால்சியம் குளோரைடு. மைனஸ் 50 வரை உறையாது. ஆறு நீர் மூலக்கூறுகள் கொண்ட கால்சியம் குளோரைடு இங்கேதான் இயற்கைக் கனிமமாக முதலில் இனங்காணப்பட்டு, டெட்சுயா டோரியும் ஜோயோ ஒசாகாவும் 1965இல் அண்டார்க்டிசைட் என்று பெயரிட்டார்கள்.

கடல்நீர் உறைந்தே இந்தக் குட்டை உண்டானது என்று சொல்ல முடியுமா? முடியாது. கணக்கு இடம் கொடுக்கவில்லை. கடல்நீரில் மெக்னீசியம் கிலோவுக்கு 53 மில்லிமோல், கால்சியத்தைப்போல் ஐந்து மடங்கு. எவ்வளவுதான் உறையவைத்து மிராபிலைட்டையும் ஹைட்ரோஹேலைட்டையும் பிரித்தாலும் மெக்னீசியம்தான் முன்னால் நிற்கும். குட்டையிலோ கால்சியம் மெக்னீசியத்தைப் பன்மடங்கு மிஞ்சுகிறது. ஆகவே வழியில் கால்சியம் ஏறியிருக்கிறது. ஏற்றியது பெரும்பாலும் நேர்மின் அயனிப் பரிமாற்றம். மண்ணின் களிமண் துகள்கள் கால்சியத்தைப் பிடித்து வைத்திருக்கும். சோடியம் குளோரைடு மிகுந்த உப்புநீர் அந்த மண்ணினூடே மெதுவாக நகரும்போது சோடியம் துகளில் ஏறும், கால்சியம் நீருக்கு இறங்கும். குளோரைடு தொடப்படாமல் கூடவே வரும். மறுமுனையில் வெளிவருவது கால்சியம் குளோரைடு நீர். குளோரைடு கடலுடையது, கால்சியம் மண்ணுடையது. இதற்கு எந்த ஒற்றைப் பிறப்பிடத்தை எழுதுவீர்கள்?

அந்த நீர் குட்டைக்கு எப்படி வந்து சேருகிறது என்பதில் இன்னும் கருத்து வேறுபாடு உண்டு. 1970களின் முதல் பாதியில் அமெரிக்கா, நியூசிலாந்து, ஜப்பான் சேர்ந்து நடத்திய உலர் பள்ளத்தாக்குத் துளையிடும் திட்டத்தில் குட்டையின் அடியில் நிலத்தடி உப்புநீர் இருப்பது தெரிந்தது. 2013இல் வெளியான தொடர் புகைப்பட ஆய்வு, சரிவிலுள்ள உப்பு காற்றின் ஈரத்தை உறிஞ்சி நீராகக் கசிந்து இறங்குவதைக் காட்டி, மேற்பரப்பு வழியையே முதன்மைப்படுத்தியது. 2017இல் வந்த வேதிக் கணக்கீடுகள் மறுபடியும் ஆழ நிலத்தடி நீரின் பக்கம் சாய்ந்தன. குட்டை நீரின் கலவைக்கு ஆழ நீர்தான் நன்றாகப் பொருந்துகிறது என்பது என் மதிப்பீடு. ஈரம் உறிஞ்சும் கசிவு உண்மைதான், ஆனால் அது துணை வரவு.

மற்ற ஏரிகளை இந்த அளவுகோலால் வேகமாகப் பார்த்துவிடலாம். வாண்டா ஏரியில் 3 முதல் 4 மீட்டர் நிரந்தரப் பனிக்கு அடியில் நன்னீர். 70 மீட்டரை நெருங்கும் அடியாழத்தில் 25 டிகிரியைத் தொடும் வெதுவெதுப்பான கால்சியம் குளோரைடு நீர். இந்த வெப்பம் பனியினூடே புகுந்த சூரிய ஒளியினுடையது. அடர்த்தி வேறுபாட்டால் நீர் கலக்காததால் தங்கிவிட்டது. அடி உப்பு மேலே ஊடுருவியிருக்கும் தூரத்தை வைத்து அலெக்ஸ் வில்சன் 1964இல் கணக்கிட்டார்: ஏறத்தாழ 1,200 ஆண்டுகளுக்கு முன் ஏரி சிறு உப்புக் குட்டையாகச் சுருங்கியிருந்தது, பிறகுதான் நன்னீர் மேலே நிரம்பியது. வண்டலில் உப்பு அடுக்குகளைத் தேடுவோர் மறக்கக்கூடாத தகவல் இது. ஓர் உப்பு அடுக்கு, வரவு கூடியதை அல்ல, நீர் குறைந்ததைக் காட்டலாம்.

போனி ஏரியின் கிழக்கு மடலில் சோடியம்–மெக்னீசியம் குளோரைடு நீரின் அடியில் ஹைட்ரோஹேலைட் படிகிறது. மேற்கு மடலுக்கு டெய்லர் பனியாற்றின் அடியிலிருந்து, இரத்த அருவி என்னும் இரும்புக் கசிவின் வழியே, பழைய கடல்நீர் இன்றும் வந்து சேருகிறது. ஃபிரிக்செல் ஏரியின் அடியில் நுண்ணுயிர்கள் சல்ஃபேட்டைச் சல்ஃபைடாகக் குறைத்துவிடுவதால், அங்கே சல்ஃபேட் இல்லாமை வரவு இல்லாமை ஆகாது. கிழக்கு அண்டார்க்டிகாவின் வெஸ்ட்ஃபோல்ட் குன்றுகளில் உள்ள டீப் ஏரி ஒப்பீட்டுக்கு நல்லது. நிலம் உயர்ந்தபோது துண்டிக்கப்பட்ட கடல்நீர், இன்று கடலைப்போல் ஏறத்தாழ பத்து மடங்கு உப்பு. குளிர்காலத்தில் மிராபிலைட்டை உதிர்க்கிறது. தூய கடல் வழி எப்படி இருக்கும் என்பதற்கு அதுவே மாதிரி.

இனி மாதிரியைக் கையாளும் முறை. இங்கேதான் பெரும்பாலான முடிவுகள் கெட்டுப்போகின்றன.

வண்டல் உருளை ஏரியிலிருந்து வந்தவுடன் மைனஸ் 20 உறைபெட்டியில் வைப்பது வழக்கம். அது தவறு. மேலே சொன்ன அதே உறைதல் வரிசை உங்கள் குழாய்க்குள் நடந்து, ஏரியில் இல்லாத இகைட்டும் மிராபிலைட்டும் பெட்டியில் பிறந்துவிடும். துளைநீரை, அதாவது வண்டல் துகள்களுக்கு இடையிலுள்ள நீரை, உறையவைப்பதற்கு முன்பே, ஏரியடியில் இருந்த வெப்பநிலையிலேயே, மையவிலக்கியில் பிரித்து 0.2 மைக்ரோமீட்டர் வடிகட்டியில் வடித்துவிட வேண்டும். காரத்தன்மையை அன்றே அளக்க வேண்டும். கனிமம் பார்க்க எடுக்கும் பாதியை ஏரியடி வெப்பநிலைக்கு மேலும் போகவிடாமல், காற்றுப்புகாத உறையில் வைக்க வேண்டும். ஹைட்ரோஹேலைட் பூஜ்ஜியத்தைச் சற்றுத் தாண்டியதும் உருகிச் சாதாரண உப்பாகிவிடும். இகைட் சில டிகிரி வெப்பத்திலேயே நீரற்ற கால்சியம் கார்பனேட்டான கால்சைட்டாகிவிடும். மிராபிலைட் உலர்ந்த அறையில் தன் எடையில் 56% நீரை இழந்து வெண்மாவு போன்ற தெனார்டைட் (நீரற்ற சோடியம் சல்ஃபேட்) ஆகும். அண்டார்க்டிசைட் காற்றின் ஈரத்தில் கரைந்து காணாமலே போகும். எனவே குளிர்மேடை இல்லாத எக்ஸ்-கதிர் கருவியில் எடுத்த பட்டியலில் தெனார்டைட், கால்சைட், ஹேலைட் (சாதாரண உப்பு) என்று மட்டும் இருந்தால், அது ஏரியின் பட்டியல் என்று நம்பாதீர்கள். உலர்த்துவது 40 டிகிரிக்கு மேல் வேண்டாம். 105இல் ஜிப்சமும் நீரை இழந்துவிடும்.

நீர்ச்சாறு எடுக்க 10 கிராம் உலர் வண்டலுக்கு 50 மில்லிலிட்டர் அயனி நீக்கிய நீர், ஒரு மணி நேரக் குலுக்கல். ஜிப்சம் லிட்டருக்கு 2.4 கிராம்தான் கரையும். ஆகவே இந்த 1:5 விகிதத்தில் வண்டல் எடையில் 1.2% ஜிப்சம் வரைதான் முழுதும் கரையும். சாற்றில் கால்சியம் லிட்டருக்கு 550 மில்லிகிராமை நெருங்கினால் கரைசல் நிறைவடைந்துவிட்டது, அடியில் ஜிப்சம் மிச்சம் இருக்கிறது என்று பொருள். 1:50, தேவைப்பட்டால் 1:100 என்று மறுபடியும் எடுங்கள். நேர், எதிர் மின்னூட்டக் கூட்டுத்தொகை 5%க்குள் ஒத்துப்போக வேண்டும். குளோரைடு மிகுந்த சாற்றில் அயனி நிறப்பகுப்பியில் நைட்ரேட், புரோமைடு முகடுகள் குளோரைடின் வாலில் மூழ்கிவிடும். வெள்ளி நிரப்பிய வடிகுப்பி குளோரைடை நீக்கும், ஆனால் புரோமைடையும் சேர்த்து நீக்கிவிடும். நைட்ரேட்டுக்கு மட்டும் அதைப் பயன்படுத்தி, புரோமைடைப் பிளாஸ்மா நிறைமானியில் தனியே அளவிடுங்கள்.

இன்னொரு பொறி: நீரூற்றி நீர்க்கச் செய்யும்போது பரிமாற்றம் தலைகீழாக நடக்கும். நீர்த்த கரைசலில் களிமண் துகள் கால்சியத்தை விரும்பிப் பிடித்துச் சோடியத்தை விடும். அதனால் சாற்றில் உள்ள சோடியம்–கால்சியம் விகிதம் துளைநீரின் விகிதம் அல்ல. களிமண் மிகுந்த அடுக்கில் இந்தப் பிழை பெரிதாக இருக்கும்.

ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கு. 1:5 சாற்றில் லிட்டருக்குக் குளோரைடு 355 மில்லிகிராம், சல்ஃபேட் 480, சோடியம் 230, கால்சியம் 160, மெக்னீசியம் 24 என்று வைத்துக்கொள்வோம். கடல் விகிதப்படி இந்தக் குளோரைடுக்கு வர வேண்டிய சல்ஃபேட் 355 × 0.14, அதாவது 50. மிகுதி 430 மில்லிகிராம், 4.5 மில்லிமோல். கால்சியத்தில் கடல் பங்கு 8 மில்லிகிராம் போக மிகுதி 3.8 மில்லிமோல். அது முழுதும் ஜிப்சமானால் சல்ஃபேட்டில் 0.7 மில்லிமோல் மிஞ்சும். சோடியம் மொத்தம் 10.0 மில்லிமோல், கடல் பங்கு 8.6, மிகுதி 1.4. இது 0.7 சல்ஃபேட்டுக்கு இரட்டிப்பு, மிராபிலைட்டுக்குக் கச்சிதம். ஆக, ஒரு கிலோ வண்டலில் ஏறத்தாழ 19 மில்லிமோல், அதாவது 3.3 கிராம் ஜிப்சமும், சிறிதளவு மிராபிலைட்டும், கடல் விகிதத்தில் மற்றவையும் இருக்கலாம். கவனியுங்கள்: மிகுதிச் சல்ஃபேட் கடலுடையதல்ல என்று இது நிரூபிக்கவில்லை. வேறிடத்தில் கடல்நீரிலிருந்து பிரிந்த மிராபிலைட் மறுபடி கரைந்து இங்கே வந்திருந்தாலும் எண்கள் இப்படியேதான் வரும்.

அதைப் பிரித்தறியவே ஐசோடோப்பு, அதாவது ஒரே தனிமத்தின் எடை வேறுபட்ட அணுக்கள். கடல் சல்ஃபேட்டின் கந்தகம்-34 மதிப்பு (தர அளவிலிருந்து உள்ள விலகல்) ஆயிரத்துக்கு +21. நுண்பாசி வழி வந்தது அதற்குச் சில அலகுகள் கீழே. பாறைச் சல்ஃபைடு பெரும்பாலும் அதைவிட மிகவும் கீழே. ஆனால் சல்ஃபேட்டைக் குறைக்கும் நுண்ணுயிர் எஞ்சிய சல்ஃபேட்டை +21க்கு மேலே தள்ளிவிடும், அப்போது கந்தகம் மட்டும் போதாது. ஆக்சிஜன்-17 மிகுதி, அதாவது அந்த ஐசோடோப்பு வழக்கமான அளவை மிஞ்சி இருப்பதுதான், உறுதியான சான்று. ஓசோன் போன்ற வளிமண்டல ஆக்சிஜனேற்றிகளால் உருவான சல்ஃபேட்டிலும் நைட்ரேட்டிலும் மட்டுமே அந்த மிகுதி வரும், கடல் சல்ஃபேட்டில் வராது. ஹுயிமிங் பாவும் உடனாய்வாளர்களும் 2000ஆம் ஆண்டில் உலர் பள்ளத்தாக்கு மண்ணில் இதைக் காட்டினார்கள். உள்நாட்டு மேட்டு மண்ணில் மிகுதி கூடுதல், கடற்கரையை நெருங்க நெருங்கக் குறைவு. நைட்ரேட் கலந்த மாதிரியில் பேரியம் சல்ஃபேட்டை வீழ்படியவைக்கும்போது நைட்ரேட்டும் ஒட்டிக்கொண்டு வரும். நைட்ரேட்டின் ஆக்சிஜன்-17 மிகுதி ஆயிரத்துக்கு 30ஐ ஒட்டியது என்பதால், சிறு கலப்பே சல்ஃபேட்டின் மதிப்பைப் பொய்யாக்கும். டிடிபிஏ (உலோக அயனியைப் பிணைக்கும் வேதிப்பொருள்) கரைசலில் கரைத்து மறுபடி வீழ்படியவைத்தே அனுப்ப வேண்டும்.

குளோரைடின் பயணத்துக்குப் புரோமைடு துணை. கடலில் குளோரைடு–புரோமைடு எடைவிகிதம் ஏறத்தாழ 288. புரோமைடு உப்புப் படிகத்துக்குள் நுழைய மறுப்பதால், ஹைட்ரோஹேலைட் உதிர்த்த நீரில் விகிதம் 288க்குக் கீழே இறங்கும். பழைய உப்பு கரைந்து வந்த நீரில் மேலே ஏறும். கால்சியத்துக்கு ஸ்ட்ரான்சியம் ஐசோடோப்பு (ஸ்ட்ரான்சியம்-87க்கும் 86க்கும் உள்ள விகிதம்): கடல் மதிப்பு 0.7092, உள்ளூர்ப் பாறைகளின் மதிப்பு பெரும்பாலும் அதற்கு மேல். டாலரைட்டின் கீழ்வரம்பு கடல் மதிப்பை ஒட்டியே இருப்பதால், 0.7095 போன்ற எண் கிடைத்தால் எதையும் தீர்மானிக்க வேண்டாம். 0.712ஐத் தாண்டினால் கடல் மட்டும் போதாது என்று தயங்காமல் எழுதலாம்.

பரிசோதனைகளுக்குப் பணம் ஒரு அளவுதான் என்றால், முதலில் துளைநீரில் முழு அயனிப் பட்டியல், அடுத்து குளோரைடு–புரோமைடு விகிதம், அதன்பின் சில அடுக்குகளில் மட்டும் ஆக்சிஜன்-17 என்ற வரிசையில் போங்கள். கனிமப் பட்டியலை முதலில் எடுத்து அதிலிருந்து பிறப்பிடத்தை ஊகிக்கத் தொடங்கினால், பிறகு வரும் எண்களையெல்லாம் அந்த ஊகத்துக்குப் பொருத்தவே மனம் போகும்.